தேவபக்தி: கடைசி வரிசையிலிருந்து

(மாணவர்கள் கூட்டிய ஒருநாள் கருத்தரங்கில் பேசியது. அன்று நேரமில்லாமல் விட்டுப்போன சிலவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)



'கிறிஸ்தவ வாழ்வில் தேவபக்தி' என்று நோட்டீஸில் போட்டிருக்கிறீர்கள். போன் செய்து தலைப்பைச் சொன்ன தம்பியிடம், 'இதப் பேசறதுக்கு ஐயருங்க இருக்காங்களேப்பா, நான் எதுக்கு' என்றேன். 'அவுங்க பேசி நாங்க நெறைய கேட்டுட்டோம்ணே' என்றார். அதனால் வந்திருக்கிறேன். நான் இறையியல் படித்தவன் இல்லை. பி.காம். பேங்கில் கிளார்க். காலை பத்திலிருந்து நான்கு வரை கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பேன், மிச்ச நேரத்தில் கவிதை என்று எதையாவது எழுதுவேன். கோயிலுக்கு ஒழுங்காகப் போகிறவனா என்று கேட்டால் இல்லை. போகாமல் விட்டவனா என்றால் அதுவும் இல்லை. அறுப்பின் பண்டிகைக்கும் சாவுக்கும் போகிறேன்.

இங்கே வெளியில் இருந்து வந்திருக்கிற தோழர்களுக்காக ஒன்று. நான் 'ஐயர்' என்று சொன்னால் அக்ரகாரத்தைத் தேடாதீர்கள். எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகருக்குப் பெயர் ஐயர். அவர் மனைவி ஐயரம்மா. சேரியில் பிறந்த பையன் இறையியல் கல்லூரிக்குப் போய்ப் படித்து அங்கி போட்டுக்கொண்டு வந்தால், அவனும் ஐயர். இதில் சிரிக்கவும் இருக்கிறது, யோசிக்கவும் இருக்கிறது. மதம் மாறினோம், மரியாதைக்கு வேண்டிய சொல்லை மட்டும் பழைய இடத்திலிருந்தே கடன் வாங்கினோம்.

பேங்கில் நடந்த ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். ஒரு வயசான அம்மா செக் ஒன்றைக் கொண்டுவந்தது. சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து விதவைகளுக்குக் கொடுக்கிற உதவித்தொகை. செக்கில் 'எஸ்தர்' என்று எழுதியிருக்கிறது. பாஸ்புக்கில் 'முனியம்மாள்'. ஆதாரிலும் முனியம்மாள், ரேஷன் கார்டிலும் முனியம்மாள். பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் நான் அந்தச் செக்கை எடுக்க முடியாது. அது விதி. 'வேற பேர்ல எழுதி வாங்கிக்கினு வாம்மா' என்றேன். போய்விட்டு மறுநாள் வந்தது. சங்கத்துப் பொருளாளர், 'எங்க ரிஜிஸ்டர்ல எஸ்தர்தான் இருக்குது, முனியம்மாங்கிற பேருக்கு நாங்க எப்டி செக்கு எழுத முடியும், அது சாமி பேரு' என்றாராம். அந்த அம்மா கவுண்ட்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னது: 'ரெண்டும் நான்தான் சார்.'

ரெண்டும் நான்தான். எனக்கு அந்த அம்மாவை முன்பின் தெரியாது. ஆனால் எனக்குத் தெரிந்த பாதிப் பேர் அந்த அம்மாதான். இதை இங்கே நிறுத்திவைக்கிறேன், பின்னால் இதற்குத் திரும்பி வரவேண்டியிருக்கிறது.

தேவபக்தி என்கிற சொல்லைக் கொஞ்சம் பார்ப்போம். புராட்டஸ்டண்டு வேதாகமத்தில் பவுலின் பேரில் உள்ள நிருபங்களில், குறிப்பாகத் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில், இந்தச் சொல் அடிக்கடி வருகிறது. 1995-இல் வந்த கத்தோலிக்கப் பொது மொழிபெயர்ப்பில் 'இறைப்பற்று' என்று போட்டிருக்கிறார்கள். கிரேக்கத்தில் யூசேபியா. நான்கு சுவிசேஷங்களிலும் இந்தப் பெயர்ச்சொல் ஓர் இடத்தில்கூடக் கிடையாது. இயேசு வாயில் இந்தச் சொல் வரவே இல்லை. அவர் பேசினது பசி, கடன், கூலி, திராட்சைத் தோட்டம், விருந்தில் யாருக்கு எந்த இடம் என்பதைப் பற்றி. யூசேபியா அந்தக் காலத்து ரோம சாம்ராஜ்யத்தில் எல்லாரும் மதித்த ஒரு பண்பு. தெய்வங்களுக்கு, பெற்றோருக்கு, பேரரசருக்குக் கொடுக்கவேண்டிய மரியாதையை ஒழுங்காகக் கொடுப்பது. அவரவர் இடத்தில் அவரவர் இருப்பது என்று சொன்னால் உங்களுக்குச் சுலபமாகப் புரியும். இந்தச் சொல் அதிகமாக வருகிற அதே நிருபத்தில்தான் அடிமைகள் எஜமான்களுக்குச் சகல மரியாதையும் செய்யவேண்டும் என்கிற போதனையும் இருக்கிறது. இந்த நிருபங்களைப் பவுலே எழுதினாரா, அவருக்குப் பிறகு வந்தவர்கள் அவர் பேரில் எழுதினார்களா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சண்டை நமக்கு முக்கியமில்லை. யார் எழுதியிருந்தாலும் அதைச் சேரிக்கு எடுத்துவந்து படித்துக் காட்டினவர்கள் எந்த வசனத்தை அழுத்திப் படித்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம்.

எங்கள் ஆயா ஒரு கதை சொல்லும். ஆயாவின் சின்ன வயசில் ஓர் உபதேசியார். பக்தி விருத்திக் கூட்டத்தில், உடம்பால் செய்கிற முயற்சியால் பெரிய லாபம் ஒன்றுமில்லை, தேவபக்திதான் எல்லாவற்றுக்கும் உதவும் என்கிற அந்தப் பகுதியை எடுத்துப் பிரசங்கம் பண்ணியிருக்கிறார். அங்கே பவுல் சொல்வது கிரேக்க வாலிபர்கள் உடற்பயிற்சிக் கூடத்தில் செய்கிற கசரத்து. இந்த விவரம் அந்த உபதேசியாருக்கும் தெரியாது, ஆயாவுக்கும் தெரியாது. ஆயா கேட்டது ஒன்றுதான்: 'அப்ப நாளைக்கி நடவு யாரு நடுவா, உங்க ஐயரா?' கூட்டம் சிரித்துவிட்டதாம். உபதேசியார் ஒரு மாசம் ஆயாவோடு பேசவில்லை. விளக்கவுரைப் புத்தகங்கள் சிலவற்றைப் படித்துப் பார்த்தேன். ஆயா கேட்ட கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை.

புதிய ஏற்பாட்டை முதலிலிருந்து புரட்டிக்கொண்டே போனால் இந்த யூசேபியா முதன்முதலில் எட்டிப் பார்க்கிற இடம் அப்போஸ்தலர் நடபடிகள் மூன்றாம் அதிகாரம். பிறவியிலேயே கால் விளங்காத ஒருவனைத் தினமும் தூக்கிவந்து ஆலயத்து அலங்கார வாசலில் போடுகிறார்கள். வாசலில்தான், உள்ளே இல்லை. குருடரும் சப்பாணிகளும் வீட்டுக்குள்ளே வரக்கூடாது என்கிற ஒரு பேச்சு சாமுவேல் புத்தகத்திலேயே இருக்கிறது. வாசலில் உட்கார்ந்து பிச்சை கேட்கலாம், உள்ளே போகிறவர்களுக்குத் தர்மம் செய்த புண்ணியத்தைக் கொடுக்கலாம். பேதுருவும் யோவானும் அவனைக் கைபிடித்துத் தூக்குகிறார்கள். அவன் குதித்து எழுந்து நேராக உள்ளே போகிறான். ஜனங்கள் ஓடி வந்து பேதுருவை வாய்பிளந்து பார்க்கிறார்கள். அப்போது பேதுரு, எங்கள் சக்தியாலும் எங்கள் பக்தியாலும் இது நடந்ததுபோல எங்களை ஏன் பார்க்கிறீர்கள் என்கிறார். சொல் முதல் தடவை வரும்போதே மறுப்பாகத்தான் வருகிறது. வாசலில் கிடந்தவன் உள்ளே போய்விட்டான், அதைப் பேசுங்கள், எங்கள் பக்தியைப் பேசாதீர்கள் என்பதுபோல. எங்கள் ஊர் ஐயர்கள் இந்தப் பகுதியை அற்புத சுகம் என்று பிரசங்கம் செய்து கேட்டிருக்கிறேன். ஆலயப் பிரவேசம் என்று பிரசங்கம் செய்து ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

பக்தி என்கிற சொல்லும் நமக்குப் புதுசில்லை. நந்தனுக்கும் பக்தி இருந்தது. அவன் பக்தி எங்கே போய் முடிந்தது என்று இங்கே இருக்கிற யாருக்கும் நான் சொல்லவேண்டியதில்லை. உள்ளே வருவதற்கு அவன் எரிய வேண்டியிருந்தது. இந்தச் சொல்லைத்தான் மொழிபெயர்த்தவர்கள் எடுத்து யூசேபியாவின் மேல் ஒட்டினார்கள்.

ஆனால் இந்தச் சொல்லுக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. எனக்கு இது தெரியவந்தபோது இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. அசோகருடைய கல்வெட்டு ஒன்று ஆப்கானிஸ்தானத்துக் கந்தகாரில் இருக்கிறது. கிரேக்கத்திலும் அராமெயிக்கிலும் பாறையில் வெட்டியது. கி.மு. 260-ஐ ஒட்டியது, கண்டுபிடித்தது 1958-இல். அசோகர் தன் கல்வெட்டுகளில் சொல்கிற 'தம்ம' என்பதை அந்தக் கிரேக்கத்தில் எப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள் தெரியுமா? யூசேபியா. அதாவது பவுலுக்கு முந்நூறு வருஷத்துக்கு முன்னால், இந்தப் பக்கத்துச் சொல் ஒன்று கிரேக்கத்துக்குள் போனபோது தம்மமும் தேவபக்தியும் ஒரே சொல்லாக இருந்திருக்கிறது. 1956 அக்டோபர் 14-இல் நாக்பூரில் அம்பேத்கர் தம்மம் ஏற்கிறார், டிசம்பர் 6-இல் இறந்துபோகிறார், அதற்கு இரண்டு வருஷம் கழித்து இந்தப் பாறை கிடைக்கிறது. அவர் பார்க்கவில்லை. ஆனால் அவர் இறந்த பிறகு 1957-இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் மதத்தையும் தம்மத்தையும் பிரித்துக் காட்டுகிறார். மதம் என்பது தனி மனுசனுக்கும் அவன் கடவுளுக்கும் உள்ள விவகாரம் என்கிறார்கள். தம்மம் அப்படியில்லை, மனுசனுக்கும் மனுசனுக்கும் நடுவில் இருப்பது, உலகத்தில் ஒரே ஒரு ஆள் மட்டும் இருந்தால் தம்மம் தேவையே இல்லை என்கிற மாதிரி வாதம் போகிறது. இந்த அர்த்தத்தில் யூசேபியாவை எடுத்துக்கொண்டு நிருபங்களைத் திரும்பப் படித்துப் பாருங்கள். முழங்கால் போட்டு அழுவது மட்டும் தேவபக்தி ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனோடு எப்படி இருக்கிறாய் என்கிற கேள்வி உள்ளே வந்துவிடுகிறது.

அசோகரையும் நாம் சும்மா விடவேண்டியதில்லை. அந்தக் கல்வெட்டில் ராஜா பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்: வேட்டைக்காரர்களும் மீன்பிடிக்கிறவர்களும் தொழிலை விட்டுவிட்டார்களாம். அவர்கள் அன்றைக்கு ராத்திரி வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதவில்லை. மாட்டுக்கறிக்கு அடி வாங்குகிற ஜனங்களாகிய நாம் இதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். ராஜாவுக்குப் பக்தி வந்தால் முதலில் நம்முடைய சட்டியில்தான் கை வைக்கிறார்கள். அது யூசேபியாவானாலும் சரி, தம்மமானாலும் சரி.

இனி நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். தரங்கம்பாடிக்கு 1706-இல் சீகன்பால்கு வந்தார். தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது, பள்ளிக்கூடம் வந்தது, எல்லாம் உண்மை. அதே மிஷனில் தஞ்சாவூர்ப் பக்கம் இராஜநாயக்கன் என்று ஓர் உபதேசியார் இருந்தார். பறையர். தஞ்சாவூர் ராஜா படையில் சிப்பாயாக இருந்தவர். வேதத்தைப் படித்து மாறி, வேலையை விட்டு ஊர் ஊராகப் போய்ச் சபைகளை உண்டாக்கினவர். தமிழ்ப் புராட்டஸ்டண்டுகளில் முதல் குருப்பட்டம் 1733-இல் கொடுத்தார்கள். யாருக்கு? வெள்ளாளரான ஆரோனுக்கு. இராஜநாயக்கனுக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. அவர் கையால் திருவிருந்து வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்கமாட்டார்கள் என்பது காரணங்களில் ஒன்று. பக்தி போதாது என்று யாரும் சொல்லவில்லை. பக்தி நிறைய இருந்தது. கைதான் சரியில்லை.

கத்தோலிக்கப் பக்கம் மட்டும் வாழ்ந்துவிட்டதா என்ன. மதுரைக்கு 1606-இல் வந்த நோபிலி காலத்திலிருந்து மேல்சாதிக்கு ஒரு வகைச் சாமியார், கீழ்சாதிக்கு ஒரு வகைச் சாமியார் என்று போனது. வடக்கன்குளத்தில் 1872-இல் ஒரு கோயில் கட்டினார்கள். இரண்டு கை விரிந்தமாதிரி, வெள்ளாளர் ஒரு கையில், நாடார் முதலான மற்றவர்கள் இன்னொரு கையில், நடுவில் சுவர், இரண்டும் சேருகிற முனையில் பீடம். ஜனங்கள் கால்சட்டைக் கோயில் என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1910-இல் சாமியார் அந்தச் சுவரை இடித்தார். வெள்ளாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோற்றார்கள். இத்தனை பேரும் பக்தர்கள்தான். சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் முழங்கால் போட்டு ஒரே சமயத்தில் ஒரே மந்திரம் சொன்னவர்கள்தான். சுவர் இருந்தால்தான் அவர்களுக்கு மந்திரம் வந்தது.

1833-இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி இருக்கக்கூடாது, உடனே விடவேண்டும் என்று கடிதம் எழுதினபோது தஞ்சாவூரில் பெரிய ரகளை. அதற்குச் சில வருஷம் முன்னாலேயே வேதநாயக சாஸ்திரியார் சாதி வழக்கத்தை விடமுடியாது என்று வெள்ளாளக் கிறிஸ்தவர்களுக்காக எழுதியிருக்கிறார். அவருடைய கீர்த்தனைகளை இன்றைக்கும் சபைகளில் உருகி உருகிப் பாடுகிறோம், எங்கள் அம்மாவும் பாடும். பாட்டு நல்ல பாட்டு. பாடும்போது இந்த விஷயமும் தெரிந்து பாடலாம் என்பதுதான் என் கட்சி.

இதெல்லாம் பழங்கதை என்று சொல்லும் தோழர்களுக்கு: திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கர் பிணத்தையும் மற்றவர் பிணத்தையும் பிரிக்கிற சுவரை 2010-இல் இயக்கத் தோழர்கள் உள்ளே நுழைந்து ஒரு பகுதியை இடித்தார்கள். எறையூரில் 2008 மார்ச்சில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டதற்காக வன்னியக் கிறிஸ்தவர்கள் தாக்கினார்கள், போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். செத்தவர்கள் வன்னியர்கள். ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள். இந்திய ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் இந்தியக் கத்தோலிக்கர் 1 கோடியே 90 லட்சம் பேரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். இந்த எண்ணிக்கையில் இருக்கிற சபைக்கு முதல் தலித் கர்தினால் வந்தது 2022-இல்.

எங்கள் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம். டவுனில் ஒரு பழைய கோயிலில் அவர் கோயில்பிள்ளை வேலை பார்த்தார். மணி அடிப்பது, பெருக்குவது, பெட்ரோமாக்ஸ் பற்றவைப்பது. கல்லறைக்குக் குழி வெட்ட ஆள் பிடிப்பதும் அவர்தான். திருவிருந்து ஞாயிற்றுக்கிழமை, சனிக்கிழமை ராத்திரியே பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துவைப்பார். மறுநாள் அந்தக் கிண்ணத்தில் எல்லாரும் குடிப்பார்கள். அப்பா கடைசி. சட்டம் ஒன்றும் கிடையாது. யாரும் அவரை நில் என்று சொன்னதும் இல்லை. அவரே தூணுக்குப் பக்கத்தில் நின்று, எல்லாரும் வாங்கித் திரும்பினதும் போவார். அப்படி நிற்பதற்கு அவரைப் பழக்கியிருந்தார்கள். கமிட்டியில் இருந்த ஒரு பெரியவர் அப்பாவின் தோளில் தட்டி, 'தேவபக்தியுள்ள மனுசன்' என்று நாலு பேர் முன்னால் சொல்லுவார். அப்பாவுக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். அந்தப் பெரியவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அப்பாவும் போனார், பின்பக்கம் விறகு அடுக்க. கொரிந்து சபையில் பணக்காரர்கள் முந்திக்கொண்டு தின்று குடித்துவிட, ஏழைகள் பசியோடு நின்ற கதையைப் பவுல் திட்டி எழுதியிருக்கிறார். அது இராப்போஜனத்தைப் பற்றி எழுதினது. அந்தப் பகுதியைத்தான் ஒவ்வொரு திருவிருந்துக்கும் நாம் நினைவுபடுத்துகிறோம், திட்டின பாகத்தை மட்டும் விட்டுவிட்டு.

மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, நம் பிள்ளைகளுக்குப் பறட்டை அண்ணன், 'ஒரு உலை' என்று திரும்பத் திரும்பப் பேசினார். எல்லார் வீட்டு அரிசியும் ஒரே உலையில் கொதித்து எல்லாரும் உட்கார்ந்து தின்றால் அதுதான் திருவிருந்து என்றார். கர்நாடகக் கீர்த்தனையை விட்டுவிட்டுப் பறையடித்து ஆராதனை நடத்தினார். 2005-இல் போய்விட்டார். அவருக்குப் பின்னால் பறையைக் கோயிலுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள், கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு. உலை மட்டும் இன்னும் வரவில்லை.

இன்னொரு குற்றச்சாட்டு உண்டு. சோற்றுக்கு வந்தவன், பால்பவுடருக்கு மாறினவன். இதை ஊர்க்காரன் சொல்வான், நம்மைச் சேர்த்துக்கொண்ட மிஷனரியும் உள்ளுக்குள் சந்தேகப்பட்டு அறிக்கை எழுதியிருப்பான், இன்றைக்கு டவுன் சபையில் நாலு தலைமுறைக் கிறிஸ்தவர் ஒருவரும் சொல்லுவார். 1876–78 பஞ்சத்தில் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் சபையில் சேர்ந்தார்கள். பசியில்தான் சேர்ந்தார்கள். அதனால் என்ன? ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த இடத்தில் ஒருத்தனையாவது நிறுத்தி, உனக்குப் பசியா பக்தியா என்று கேட்டதாக வேதத்தில் இல்லையே. தேவபக்தியை லாபம் சம்பாதிக்கிற வழியாக நினைக்கிறவர்கள் என்று ஒரு கண்டனம் தீமோத்தேயு நிருபத்தில் வருகிறது. அந்த வசனத்தை நம் பக்கம் திருப்பிப் படிக்கிறார்கள். சபைச் சொத்தை விற்றவன், காலேஜ் அட்மிஷனுக்குக் கவர் வாங்கினவன் பக்கம் யாரும் திருப்புவதில்லை.

எங்கள் செங்கல்பட்டுப் பக்கத்தில் இந்தச் சோற்றுக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்ட சில பாதிரிகளும் இருந்தார்கள். ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கவுடி. சேரிக்காரனுக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது, குடியிருக்கிற மனைகூட மிராசுதாரன் கையில் இருக்கிறது, நிலம் வேண்டும் என்று அரசாங்கத்தை நச்சரித்தார்கள். கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் செங்கல்பட்டுப் பறையர் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். 1892-இல் உத்தரவு வந்தது, பஞ்சமி நிலம் வந்தது. மிராசுதாரர்கள் எதிர்த்தார்கள். அந்த நிலம் எப்படி யார் யார் கைக்குப் போனது என்பது இந்தப் பத்திரிகை படிக்கிறவர்களுக்குத் தெரியும். 1994 அக்டோபர் 10, காரணைப் பஞ்சமி நிலத்தைக் கேட்டுச் செங்கல்பட்டில் திரண்ட ஜனங்கள் மேல் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை. ஒரு பெயர் வேதத்துப் பெயர், ஒரு பெயர் திருப்பதிப் பெயர். குண்டு பெயர் பார்க்கவில்லை. சர்க்காருடைய சாதிப் பட்டியல் மட்டும் பார்க்கிறது.

ஆமாம், பெயருக்கு வந்துவிட்டோம். முனியம்மாள், எஸ்தர். சட்டம் படிக்கிற தோழர்கள் நான் தப்பாகச் சொன்னால் திருத்துங்கள். 1950-இல் வந்த அட்டவணைச் சாதிகள் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து மதம் தவிர வேறு மதத்தைச் சேர்ந்தவர் அட்டவணைச் சாதி ஆகமாட்டார் என்றது. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. சென்னையில் பிளாட்பாரத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்கிறவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறின பிறகும் அதே அளவு கஷ்டம் இருக்கிறது என்று நிரூபிக்கவில்லை என்று 1985-இல் தள்ளிவிட்டார்கள். அதே பிளாட்பாரம், அதே செருப்பு, அதே ஊசி. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் மதத்தையும் பட்டியலையும் பிரிக்கச் சொல்லி அறிக்கை கொடுத்தது. கிடப்பில் போட்டார்கள். 2022 அக்டோபரில் பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்பையே ஏமாற்றுவது என்கிற பொருளில் ஒரு தீர்ப்புச் சொன்னது. நம் மாநிலத்தில் மதம் மாறின ஆதிதிராவிடர் பி.சி. பட்டியலில் இருக்கிறார். அங்கே நிலமும் ரைஸ்மில்லும் வைத்திருக்கிறவன் பிள்ளையோடு போட்டி போடவேண்டும்.

இப்போது ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். யாருடைய அம்மா என்று கேட்காதீங்க. எங்கள் பக்கத்து அம்மா, அவ்வளவுதான்.

அந்த அம்மாவுக்குச் சபையில் ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம் எல்லாம் ஆனது. ஓய்வுநாள் பள்ளியில் கதை சொல்லிக் கொடுக்கும். பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது அந்த வீட்டுக்காரர், 'மதம்ங்கிற எடத்துல இந்துன்னு போடு, பின்னால பையனுக்கு ஒதவும்' என்றார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அந்த அம்மாவுக்குத் தெரியும். போட்டது. பையனுக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர். பையன் படித்தான், பரீட்சை எழுதினான், வேலைக்கும் போய்விட்டான். அந்தக் கையெழுத்துப் போட்ட மாசத்திலிருந்து அந்த அம்மா திருவிருந்து வாங்குவதில்லை. கோயிலுக்குப் போகும், பாட்டுப் பாடும், சந்தா பாக்கி வைக்காது. எல்லாரும் பீடத்துக்குப் போகும்போது கடைசி வரிசையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முப்பது வருஷத்துக்கு மேலாகிறது.

எத்தனையோ ஐயர்கள் வந்துபோனார்கள். ஒருவர், பாவத்தில் விழுந்த ஆத்துமா என்று பெயர் சொல்லாமல் பிரசங்கத்திலேயே குத்திக்காட்டினார். இன்னொருவர் நல்லவர். வீட்டுக்கே வந்து, 'மனந்திரும்பி அறிக்கை பண்ணிட்டு வாங்கிக்கலாம்மா, கர்த்தர் மன்னிப்பார்' என்றார். அதற்கு அந்த அம்மா, 'மனந்திரும்பறதுன்னா திரும்ப அதப் பண்ணாம இருக்கறது இல்லையா ஐயரே. நான் தெனமும் பண்ணிக்கினு இருக்கறேன். பையன் சம்பளத்துல சாப்புடறேன். அத உட முடியாது. உடாம வந்து கைய நீட்டனா அது கர்த்தர ஏமாத்தறது. சர்க்கார ஏமாத்துனது போதும்' என்றது. ஐயர் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சில தோழர்கள் என்னிடம் சொல்வார்கள், இது குற்ற உணர்ச்சி, சபை அவர்கள் மண்டையில் ஏற்றிவைத்தது, இதிலிருந்து வெளியே வருவதுதான் விடுதலை என்று. நானும் இருபத்தைந்து வயசில் அப்படித்தான் பேசினேன். பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. மடத்தைவிட்டு வெளியே வந்த அந்தத் தைரியத்தைப் படித்துவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடலாம் என்று நினைத்தேன். இப்போது அவ்வளவு சுலபமாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த அம்மா வெளியேயும் வரவில்லை, உள்ளேயும் போகவில்லை. யாரிடமும் பொய்யும் சொல்லவில்லை, ஒரு படிவத்தைத் தவிர. அந்தப் படிவத்தில் பொய்யைக் கேட்டது யார்? ஒரே ஒரு பத்தியை எழுதி, உன் சாமியைச் சொன்னால் உன் சாதி போய்விடும் என்று கண்டுபிடித்தவன் யார்? சாதி போகவில்லை, டீக்கடையில் போகவில்லை, சுடுகாட்டில் போகவில்லை, கோயில் தூணுக்குப் பக்கத்திலும் போகவில்லை. சர்டிபிகேட்டில் மட்டும் போய்விட்டது. இந்த ஏமாற்றுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாம் திருவிருந்து வாங்குகிறார்கள், கோயில் போய்த் தேங்காய் உடைக்கிறார்கள், தூங்குகிறார்கள். அந்த அம்மாதான் கணக்கை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இதற்குத் தேவபக்தி என்று பெயர் வைக்கலாமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்தச் சொல்லை என்னிடம் யார் சொன்னாலும் எனக்கு அந்தக் கடைசி வரிசைதான் ஞாபகம் வருகிறது.

போன மாசம் நடந்ததைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். இப்போது வந்திருக்கிற ஐயர் சின்ன வயசு, நம்ம பையன். பீடத்தில் எல்லாருக்கும் கொடுத்து முடித்தபிறகு தட்டையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு படி இறங்கி, நேராகக் கடைசி வரிசைக்கு நடந்து வந்துவிட்டார். கோயிலே திரும்பிப் பார்க்கிறது. கமிட்டிக்காரர்களுக்கு முகம் மாறிவிட்டது. அந்த அம்மா எழுந்து நின்றது. கையை நீட்டவில்லை. முந்தானைக்குள்ளே இரண்டு கையையும் சுருட்டி வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னது: 'பையனுக்கு ரிட்டயர் ஆவட்டும் ஐயரே, வாங்கிக்கறேன்.'

ஐயர் அங்கேயே கொஞ்ச நேரம் தட்டோடு நின்றார். பிறகு அந்த வரிசையிலேயே அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கடைசிப் பாட்டை அங்கே உட்கார்ந்துகொண்டுதான் பாடினார். அதற்காகக் கமிட்டியில் அவருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள்.

பையனுக்கு ரிட்டயர் ஆக இன்னும் இருபத்திரண்டு வருஷம் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு இப்போது எழுபது.

தோழர்கள் கேள்வி இருந்தால் கேளுங்கள்.